பழைய நேரம் எட்டு மணி

1996ஆம் ஆண்டு மே மாதம் அரசாங்கம் இலங்கையின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. அந்த வருடம் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றிப் போயிருந்தன. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்றார்கள். டிக்கோயாவில் எங்கள் தோட்டத்து டிவிஷனிலிருந்து பார்த்தால் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரியும். தண்ணீர் இறங்க இறங்கச் சுற்றிலும் செம்மண் கரை அகலமாகிக்கொண்டே போனதைத் தினமும் பார்த்தோம். அந்தத் தண்ணீரில் பிறந்த மின்சாரம் எங்கள் தலைக்கு மேலே கம்பியில் போனது. எங்கள் லயத்துக்கு இன்னும் வந்திருக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளை நான் குப்பி லாம்பு வெளிச்சத்தில்தான் திருத்தினேன்.

மின்சாரம் வராத லயத்துக்கும் நேரம் மட்டும் மாறியது. வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் புது நேரத்துக்குப் பேர் போட்டார்கள். பள்ளிக்கூட மணியும் ஞாயிறு ஆராதனையும் புது நேரத்துக்குப் போயின. எங்கள் அப்பாயி ஒருத்திதான் மாறவில்லை. எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் இரவு எட்டு மணிக்கு. புது நேரத்தில் அது ஒன்பது மணி. அக்டோபரில் அரை மணி நேரத்தைத் திருப்பி வைத்தார்கள். ஜெபம் எட்டரைக்கு வந்தது. விடிய நாலரைக்கு எழும்புகிற வீட்டில் அந்த அரை மணித் தூக்கம் எவ்வளவு பெரிது என்பது தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அப்பாயி, ஊரே நேரத்த மாத்திருச்சி. நீங்க மட்டும் ஏன் பழைய நேரத்தப் புடிச்சிக்கிட்டு இருக்கீங்க?"

"கூடலூர்ல மாத்தலியே, ஆயி."

"அங்கருந்து கடிதாசி வந்து பத்து வருசமாச்சி. அவங்க இன்னும் ஜெபம் பண்றாங்களான்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் லாம்புத் திரியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டாள். "எனக்குத் தெரிய வேணாம். நான் சொன்ன சொல்லுல நான் நிக்கணும். அவரு சொன்ன சொல்லுல அவரு நிக்கிறாருல்ல" என்றாள்.

அவர் என்றது கர்த்தரை. எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அதைக் கிழவியின் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

எட்டு மணி எங்கள் வீட்டுக்குள் வந்தது 1975இல். அதற்கு வேர் 1964 அக்டோபர் 30இல் இருக்கிறது. அன்று கொழும்பும் டில்லியும் செய்துகொண்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத்து மக்களை எண்ணிப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கி அப்போதே பதினாறு வருடம் ஆகியிருந்தது. என் தாத்தா 1951இல், கடைசித் தேதிக்கு முன்பே, இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர். கலியாணம் ஆனவர்கள் 1946க்கு முந்திய ஏழு வருடம் இந்த நாட்டிலேயே இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். தாத்தாவின் கையில் இருந்தது ஞானஸ்நானச் சீட்டு ஒன்றுதான். அவர் பேரும் தேதியும் தோட்டத்தின் பேரும் அதில் இருந்தன. அது போதாது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு தாத்தா மறுபடியும் இலங்கைக்கே எழுதினார். அவருடைய தம்பி, எங்கள் சின்னத்தாத்தா, இந்தியாவுக்கு எழுதினார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்த அண்ணனும் தம்பியும் இரண்டு நாட்டுக்கு மனுப் போட்டவர்களாகிப் போனார்கள்.

சின்னத்தாத்தாவின் மகளுக்கும் எனக்கும் ஒரே வயது. முறைக்கு அத்தை. நான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். அப்பாயி தலையில் குட்டி, "அத்தைன்னு கூப்புடு" என்பாள். பீலியில் தண்ணீர் பிடிப்பதும் விறகு பொறுக்குவதும் நாங்கள் சேர்ந்துதான். அவர்கள் புறப்படுவதற்கு முந்திய இரவு இரண்டு வீடும் எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து ஜெபம் பண்ணியது. முடிந்ததும் சின்னத்தாத்தா எழும்பவில்லை. "மதினி, இனி நாம ஒன்னா ஒக்கார முடியாது. நேரத்தையாவது ஒன்னா வச்சிக்குவோம்" என்றார். எட்டு மணி என்று பேசிக்கொண்டார்கள். அப்போது இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

மறுநாள் ஹட்டன் ஸ்டேசன். தலைமன்னாருக்குப் போகிற அந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பேர். பேர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்தார்கள். தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. சிலோனிலிருந்து போனவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களைப் போட்டிருந்தது. முதல் கடிதத்தில் சின்னத்தாத்தா எழுதியிருந்தார்: இங்கேயும் தேயிலைதான், இங்கேயும் குளிர்தான், எங்களைச் சிலோன்காரர்கள் என்கிறார்கள். இலங்கையிலேயே இருந்துவிட்ட எங்களுக்கு அரசாங்கப் புத்தகங்களில் இந்தியத் தமிழர் என்று பேர். கடிதத்தை வாசித்துக் காட்டியபோது தாத்தா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. கடிதத்தின் கடைசி வரியில் எட்டு மணி தவறவில்லை என்று இருந்தது. எல்லாக் கடிதத்திலும் அந்த வரி இருக்கும்.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கோப்பிக் காலத்தில் வந்தது. 1854இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று ஒரு மிஷன் தொடங்கி, திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்து தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். அவர்கள் கூட்டிச் சேர்த்தது சிறிய மந்தைதான். எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பராவில் கிறிஸ்தவ வீடு இரண்டு. ஒப்பாரிக் கோச்சிக்குப் பிறகு ஒன்று. மாரியம்மன் திருவிழாவுக்கு இந்து வீடுகளின் பலகாரம் எங்களுக்கு வரும். கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டுப் பலகாரம் அவர்களுக்குப் போகும்.

திருநெல்வேலிக் கிறிஸ்தவப் பெண்களோடு கூட வந்த இன்னொரு வழக்கம் கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று எடுத்து வைப்பார்கள். எங்கள் வீட்டில் அன்றாடம் ரொட்டிதான் என்பதால் அது கைப்பிடி மாவாகிவிட்டது. அப்பாயி அதை ஒரு லக்ஸ்பிரே டின்னில் போட்டு வைப்பாள். மாதம் ஒரு தடவை உபதேசியார் வரும்போது டின் அவர் கைக்குப் போகும்.

1974ஐ மலையகம் மறக்காது. மாவும் அரிசியும் கிடைக்காத காலம். மரவள்ளிக்கும் பிலாக்கொட்டைக்கும் அலைந்தோம். கீரை என்று தெரிந்த எல்லா இலையையும் அவித்தோம். லயத்தில் கைக்குழந்தைகளும் கிழடுகளும் ஒவ்வொன்றாகப் போனார்கள். அந்த மாதங்களிலும் அப்பாயி டின்னில் மாவு போட்டாள். பிடி சிறுத்தது, பிறகு மூன்று விரலால் எடுக்கிற அளவுக்கு வந்தது. உபதேசியார் வந்து டின்னைத் திறந்து பார்த்தார். கீழே கால் பங்குக்கு மாவு இருந்தது. அவருக்குப் பேச்சு வரவில்லை. "அம்மா, இத நீங்களே வச்சிக்குங்க" என்றார். "அது எங்களுது இல்லீங்க ஐயா" என்றாள் அப்பாயி. அவர் டின்னை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். நாலு காம்பரா தள்ளிப் பிள்ளை பெற்று ஏழு நாள் ஆன ஒருத்தி படுத்திருந்தாள். மாரியம்மன் படம் மாட்டிய வீடு. அடுப்படியில் டின்னை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் அந்த வீட்டுக்காரர் ஒரு படங்கு நிறைய மரவள்ளிக் கிழங்கோடு எங்கள் வாசலில் நின்றார். எங்கேயோ ஆற்றோரம் நாட்டார் தோட்டத்தில் கூலிக்குக் கிழங்கு பிடுங்கப் போனதில் கிடைத்ததாம். சாறிபாத் ஊர் விதவையின் பானையில் மாவு குறையாமல் இருந்த கதையை ஞாயிறு பள்ளியில் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அந்தப் பானை எப்படி நிரம்பியிருக்கும் என்று எனக்குப் புரிந்தது அந்தக் காலையில்தான்.

அப்பாயியின் வேதபுத்தகம் பழைய திருப்புதல். இன்று நாம் நம்பகத்தன்மை, வாக்கு மாறாமை என்றெல்லாம் சொல்லுகிற கர்த்தருடைய குணத்தை அது பல இடங்களில் உண்மை என்ற ஒரே சொல்லால் சொல்லும். எபிரேயத்தில் அது எமுனா. அந்தச் சொல்லை யாத்திராகமத்தில் மோசேயின் கைகளுக்கும் சொல்லியிருக்கிறது என்று பின்னாளில் ஒரு போதகர் எனக்குக் காட்டினார். யுத்தம் நடக்கையில் சூரியன் சாயும்வரை கீழே விழாமல் நின்ற கைகள். அவை தாமாக நிற்கவில்லை. ஆரோனும் ஊர் என்பவரும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அதைக் கேட்டபோது எனக்கு உபதேசியாரின் கையும் கிழங்கு கொண்டு வந்தவரின் கையும் நினைவுக்கு வந்தன.

கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி ஏழையின் வாயை அடைக்கிறவர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு என்றும் உடன்பாடு இல்லை. அப்பாயி அப்படிப்பட்ட விசுவாசி அல்ல. சம்பளப் போராட்டத்தில் முன்வரிசையில் உட்காருவாள். பிடித்து வைத்த கூலியைப் பற்றி யாக்கோபு நிருபத்தில் இருப்பதை உபதேசியாரிடம் கேட்டு வாசிக்க வைத்தவள் அவள். 1977 மே மாதம் தலவாக்கலை டெவன் தோட்டத்தில், ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பறிப்பதை எதிர்த்த கூட்டத்தின் மேல் பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் செத்துப் போனார். அன்று எட்டு மணிக்கு அவருடைய வீட்டாருக்காக அவள் ஜெபித்தது எனக்கு இன்னும் கேட்கிறது. ஜெபிக்கும்போது குரல் நடுங்கவில்லை, கோபம் இருந்தது. நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆக 2021 வரை போராட வேண்டியிருந்தது. 1350 ஆனது 2024இல். அப்பாயி இருந்திருந்தால் அந்த 1350க்கு ஸ்தோத்திரமும் சொல்லியிருப்பாள், போதாது என்றும் சொல்லியிருப்பாள்.

தாத்தா 1979இல் காலமானார், நாடற்றவராகவே. சின்னத்தாத்தா இறந்த செய்தியோடு எண்பதுகளின் நடுவில் கடிதங்கள் நின்றன. 1983 கலவரத்துக்குப் பிறகு கப்பலும் நின்றுபோனது. அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. அப்பாயி எட்டு மணியை விடவில்லை.

2003இல் பிரஜாவுரிமை கொடுக்கும் புதிய சட்டம் வந்தது. அந்த டிசம்பரில் பத்து நாளில் ஏறத்தாழ 1,90,000 பேருக்கு அத்தாட்சிப் பத்திரம் கிடைத்தது. அப்பாயிக்கும் கிடைத்தது, அப்போது அவளுக்கு எழுபத்தெட்டு வயது. ஐம்பத்தைந்து வருடம் காத்திருந்த தாளை இரண்டு கையாலும் வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும், "இதுல தாத்தாவுக்கு ஒன்னு குடுப்பாங்களா, ஆயி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பத்திரத்தை மடித்து, வேதபுத்தகத்தில் தாத்தாவின் ஞானஸ்நானச் சீட்டு இருந்த பக்கத்திலேயே வைத்தாள்.

2006 ஏப்ரலில் அரசாங்கம் கடிகாரத்தைத் திருப்பி, இந்திய நேரத்துக்கே கொண்டு வந்தது. எட்டரை மறுபடியும் எட்டு ஆனது. அன்றைக்கு அப்பாயி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த வருடம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் நான் சொல்ல வேண்டும். ஹட்டன் டவுனுக்கு வந்து வீடு கட்டினோம். மின்சாரம், குழாய்த் தண்ணீர், காஸ் அடுப்பு எல்லாம் வந்தது. எட்டு மணி போய்விட்டது. யாரும் அதை நிறுத்தவில்லை. பிள்ளைகளுக்கு டியூசன், எனக்கு ஸ்கூல் வேலை, பிறகு டிவி. இல்லாத காலத்தில் ஒரு இரவும் தவறாத ஜெபம், எல்லாம் இருந்த வீட்டில் கிழமைக்கு ஒன்றாகி, பிறகு ஆண்டு ஆராதனைக்கு மட்டும் என்றாகிவிட்டது.

மாறியது இன்னொன்றும் உண்டு. டிக்கோயாவின் வார்லி கிறிஸ்து நாதர் ஆலயம் 1878இல் வெள்ளைக்காரத் தொரைமார் தங்களுக்கென்று கட்டியது. சின்ன வயதில் அதைக் கொழுந்து மலையில் நின்று பார்ப்போம், காலடி வைத்ததில்லை. பின்னாளில் அங்கேயே என் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்தது. வெளியே தொரைமாரின் கல்லறைகள் பாசி பிடித்து நிற்கின்றன. எங்கள் முன்னோருக்குக் கல்லறை இல்லை. அவர்கள் தேயிலைக்கு அடியில் இருக்கிறார்கள்.

சபைகளில் நடக்கிற இன்றைய சாட்சிக் கூட்டங்களும் எனக்குப் பெரிய வேதனை. விசா கிடைத்தது, வீடு எழும்பியது, வான் வாங்கினோம், கர்த்தர் உண்மையுள்ளவர் என்று எழும்பி நின்று சொல்லுகிறார்கள். நன்றி சொல்லட்டும், சொல்லத்தான் வேண்டும். ஆனால் மூன்று தடவை விசா மறுக்கப்பட்ட பையனின் தாய் பின் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் வாய் திறப்பதில்லை. அவளுக்கும் கர்த்தர் உண்மையுள்ளவர்தான் என்று யார் எழும்பிச் சொல்லுவது? அந்தச் சொல்லைப் பெரிதாக உயர்த்திச் சொல்லுகிற புலம்பல் புத்தகம், இடிந்து கிடந்த எருசலேமின் நடுவில் எழுதப்பட்டது. எங்கள் சபைகளில் இதை மறந்துவிட்டோம் என்பது என் முடிவு.

2021இல், ஊரடங்கு நாட்களில், என் மகள் பேஸ்புக்கில் கூடலூர்க் குடும்பத்தைக் கண்டுபிடித்தாள். சின்னத்தாத்தாவின் பேரும், எங்கள் தோட்டத்தின் பேரும், ஒப்பாரிக் கோச்சி ஏறிய வருடமும் போட்டு ஒரு பதிவு; மூன்றாம் நாள் பதில். வட்ஸ்அப்பில் அத்தையின் முகம் தெரிந்தது. நாற்பத்தாறு வருடம். பல் போயிருந்தது, கண் அதே கண். நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "எட்டு மணி இன்னும் இருக்கா, புள்ள?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அவள் வீட்டிலும் எல்லாரும் விட்டுவிட்டார்களாம். அண்ணன்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போனதும் ஜெபம் நின்றது. அவள் ஒருத்திதான் சமையல்கட்டில் உட்கார்ந்து, டிவிச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே, எட்டு மணிக்குக் கண்ணை மூடியிருக்கிறாள். இங்கே நேரம் மாறிய கதை அவளுக்குத் தெரியாது. பத்து வருடம் அப்பாயி அவளுக்காக எட்டரைக்கு உட்கார்ந்ததைச் சொன்னேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டாள். கூரை மட்டும் தெரிந்தது, அழுகை கேட்டது.

அன்றிலிருந்து எட்டு மணிக்குப் போன் வரும். அத்தை ஜெபிப்பாள், நான் ஆமென் சொல்லுவேன், மறுநாள் நான். 2022இல் எரிபொருளும் காஸும் இல்லாமல், மாவு விலை ஏறி, ஊரே வரிசையில் நின்ற நாட்களில் எழுபத்து நாலை ஞாபகம் வைத்திருந்து எங்களுக்காக அழுதவள் அவள்தான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை உடைத்தது. மலைகள் சரிந்தன, நாட்டில் அறுநூறு பேருக்கு மேல் செத்துப் போனார்கள். பாதைகள் மூடி, மின்சாரமும் சிக்னலும் இல்லாமல் போயின. கோயில் மண்டபத்தில் லயத்துச் சனம் படுத்திருந்தது. வீடுவீடாகப் போய் அரிசி சேர்த்தோம். பக்கத்து வீட்டு இந்து அம்மா ஒருத்தர் தன் வீட்டுப் பானையிலிருந்து கையால் அள்ளிப் போட்டபோது, நான் அப்பாயியின் டின்னைப் பார்த்தேன். எட்டு மணிக்குப் போன் வரவில்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் தனியே உட்கார்ந்து ஜெபித்தேன். அந்தப் பக்கம் கேட்கிறார்களா என்று தெரியாமல் ஜெபிப்பது எப்படி என்பது அந்த ஐந்து இரவில்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாயிக்கு அது இருபது வருடம்.

ஆறாம் நாள் மேட்டு ரோட்டில் சிக்னல் வந்தது. போனில் அத்தையின் குரல் பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஐந்து. எல்லாம் எட்டு மணிக்கு அனுப்பியவை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே பேசி, ஜெபித்து, கடைசியில் நான் ஆமென் சொல்லக் கொஞ்ச நேரம் விட்டிருந்தாள்.

இதை வாசிக்கிறவர்களில் மலையகத்துக்காரர்கள் இருப்பீர்கள். உங்கள் வீட்டிலும் பழைய கடிதக் கட்டு ஒன்று இருக்கும். கோச்சியேறிப் போனவர்களின் பேர் தெரிந்த ஒரு கிழவியோ கிழவரோ இருப்பார். இந்தக் கிழமையே உட்கார்ந்து அந்தப் பேர்களையும் தோட்டங்களையும் எழுதி வாங்குங்கள், தேடுங்கள். அத்தைக்கும் எனக்கும் வயது அறுபது தாண்டிவிட்டது. பிரிந்ததைக் கண்ணால் கண்ட கடைசித் தலைமுறை நாங்கள்தான்.